பதினேழு கிரீச்

அக்கா வைத்த பரீட்சை இதுதான். ஒரு டம்ளரில் விளிம்பு வரைக்கும் தண்ணீர். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, புது மரத்தரை போடப்போகிற தம்பி வீட்டு முன்னறையில் கதவிலிருந்து ஜன்னல் வரை அவள் நடப்பாள். ஒரு சொட்டுகூடச் சிந்தக் கூடாது. காலுக்கடியில் பலகை ஒரு தடவைகூடக் கிரீச்சிடக் கூடாது. இரண்டிலும் பாஸ் என்றால் பெட்டி படுக்கையோடு தம்பி வீட்டுக்கே வந்துவிடுவாள். ஒன்றில் கோட்டை விட்டாலும் போச்சு. மறுநாள் திங்கட்கிழமை, தான் குடியிருக்கும் வீட்டு ஓனர் நீட்டும் வாடகைப் பத்திரத்தில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

“அதுவும் புது மரம் போடறதுக்கு முன்னாடி நடப்பேன்,” என்று போனில் கறாராகச் சொன்னாள். “வெறும் பலகையில. மேல பளபளன்னு போட்டு மூடிட்டா, உள்ள என்ன லட்சணத்துல இருக்குன்னு எனக்கு எப்படிடா தெரியும்?”

“அக்கா, இது வீடு. உன் மில்லு இல்ல.”

“துணியா இருந்தா என்ன, தரையா இருந்தா என்ன? குறை குறைதான். வர்ற ஞாயிறு இல்ல, அதுக்கடுத்த ஞாயிறு. நாலு மணிக்கு வரேன்.” பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

அக்காவுக்கு அறுபத்தொரு வயது. முப்பது வருஷம் துணி மில்லில் குறை பார்க்கும் வேலை. மேஜைமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்த நூல், தடித்த நூல், எண்ணெய்க் கறை, எது கண்ணில் பட்டாலும் சாக்பீஸால் சட்டென்று ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு நம்பர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் ஓயவில்லை. கல்யாணத்துக்குப் போனால்கூட மாப்பிள்ளையின் முகத்தை விட்டுவிட்டு அவன் சட்டைக் காலரின் தையலைத்தான் பார்ப்பாள். கல்யாணம் கட்டாத தனி ஆள். மூன்றாவது மாடியில் வாசம். லிஃப்ட் கிடையாது, ஐம்பத்து நான்கு படி. அத்தனையையும் கெட்டுப்போன ஒரு முட்டியை வைத்துக்கொண்டு ஏறி இறங்குகிறாள்.

அந்த முட்டி எங்கே கெட்டது தெரியுமா? தம்பி வீட்டு முன்னறையில்தான்.

தம்பி டவுன் பஸ் ஓட்டுகிறார். பெண்டாட்டியையும் அக்காவையும் தவிர ஊரே அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடும், நாமும் அப்படியே கூப்பிடுவோம். இருபத்தாறு வருஷ சர்வீசில் ஒரு பயணியையும் கீழே விழ விட்டதில்லை என்று மார்தட்டிக்கொள்ளும் மனுஷர். அவர் வீட்டிலேயே, அவர் கண் முன்னாலேயே, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா கார்ப்பெட்டில் கால் தடுக்கிக் குப்புற விழுந்தாள். அன்றிலிருந்து வருவாள், உட்காருவாள், காபி குடிப்பாள், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவாள். ஒரு ராத்திரி தங்கியதில்லை. “இங்கயே வந்துடுக்கா” என்று டிரைவர் கெஞ்சிக் கெஞ்சி வாய் வலித்ததுதான் மிச்சம். இப்போதுதான் முதல் தடவையாக ஒரு நிபந்தனையாவது போட்டிருக்கிறாள். டிரைவருக்கு வாயெல்லாம் பல்.

அன்றைக்கே மில்லிமீட்டரை வரச் சொன்னார்.

மில்லிமீட்டர் என்பது ஒரு தச்சன். மரத்தரை போடுவதில் பலே ஆள். டீக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் “ரெண்டு மில்லிமீட்டர் கம்மியா” என்பான். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. வந்ததும் வராததுமாகத் தன் இரும்புக் கருவிப்பெட்டியை ‘அம்மாடி’ என்று ஜன்னலோரம் இறக்கினான். கார்ப்பெட்டைச் சுருட்டத் தூக்கி, திரும்ப அதே இடத்தில் வைத்ததைத் தவிர, ஒரு வாரத்துக்கு அந்தப் பெட்டி அங்கிருந்து அசையவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

“அண்ணே, மேல போடற மரம் எவ்வளவு உசத்தியா வேணா இருக்கட்டும்,” என்றான். “அடிப்பலகை சரியில்லன்னா ஆறே மாசத்துல பல்லிளிச்சிடும். முதல்ல கார்ப்பெட்டைத் தூக்குங்க, அடியில என்ன கூத்து நடக்குதுன்னு பார்ப்போம்.”

வீட்டுக்கு எழுபது வயது இருக்கும். வரிசையாக உத்தரக்கட்டைகள், அவற்றின் குறுக்கே பலகைகள், அதன்மேல் கார்ப்பெட். டிரைவரின் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். மூன்று பேருமாகக் கார்ப்பெட்டைச் சுருட்டிக்கொண்டே போனார்கள். தும்மல் மேல் தும்மல். நடு அறைக்கு வந்ததும் மில்லிமீட்டர் நின்றுவிட்டான்.

இரண்டு பலகைகள் சேருமிடத்தில் ஒன்று விரல் கனத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக் காகிதத்தை மடித்து மடித்து, அடுக்கடுக்காகச் செருகி, மேட்டுக்கு ஒரு சரிவு கட்டி வைத்திருந்தது.

“யாருண்ணே இந்த இன்ஜினியர்?” மில்லிமீட்டர் விழுந்து விழுந்து சிரித்தான். “மேட்டை இழைக்கறதை விட்டுட்டு காகிதத்துல ரோடு போட்டிருக்காரு!”

“முன்னாடி இருந்தவங்க யாராவது பண்ணியிருப்பாங்க,” என்றார் டிரைவர், கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டே.

மனைவி ஒரு மடிப்பை உருவி விரித்தாள். டிப்போ டியூட்டி சார்ட். பதினாலாம் நம்பர் வண்டி, காலை ஷிஃப்ட், அடியில் சிவப்பு மையில் ஒரு கோடு.

“முன்னாடி இருந்தவங்களும் பதினாலாம் நம்பர்தான் ஓட்டினாங்களா?” என்று கேட்டாள்.

டிரைவர் பேய் முழி முழித்தார். மில்லிமீட்டர் இங்கிதம் தெரிந்தவன், அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய்விட்டான்.

“ஒரு நாள் லீவு போட்டு இழைச்சிருக்கலாம்,” என்றார் டிரைவர் மெதுவாக. “நாளைக்குப் பார்த்துக்கலாம், நாளைக்குப் பார்த்துக்கலாம்னு இதை வச்சு மூடினேன். அக்கா அதுலதான் விழுந்தா.”

“அண்ணிக்குத் தெரியுமா?”

“எப்படித் தெரியும்? அவ வந்து சேரட்டும். அப்புறமா பக்குவமா சொல்லிக்கலாம்.”

“அதாவது, மறுபடியும் கார்ப்பெட்டைப் போட்டு மூடறீங்க,” என்றாள் மனைவி. சொல்லிவிட்டுக் காகிதங்களைப் பொறுக்கக் குனிந்துகொண்டாள். டிரைவருக்குச் சுருக்கென்றது.

கார்ப்பெட் போன இடத்தில் குத்திக்கொண்டிருந்த பின்களைப் பிடுங்கவே இரண்டு நாள் ஆனது. டிரைவர் டியூட்டி முடிந்து வந்ததும் குறடும் கையுமாக முட்டி போட்டுவிடுவார். எழுநூறு வரைக்கும் எண்ணினார், அப்புறம் எண்ணிக்கையே வெறுத்துப்போனது. அதற்குப் பிறகுதான் கிரீச் வேட்டை ஆரம்பம்.

மில்லிமீட்டர் விஷயத்தை விளக்கினான். பழைய ஆணி பிடி விட்டிருக்கும். மிதிக்கும்போது பலகை ஆணியில் ஏறி இறங்கி உரசும். அந்த உரசல்தான் சத்தம். உத்தரக்கட்டை வரைக்கும் இறங்குகிற மாதிரி நீள ஸ்க்ரூ ஒன்றைக் கொடுத்து இறுக்கினால் கப்சிப். ஆனால் எந்த இடம் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மனைவி வெறுங்காலோடு ஒவ்வொரு பலகையாக மிதித்துப் போக, டிரைவர் தரையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டார். சத்தம் வந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம், ஒரு நம்பர். அக்காவைப் பார்த்துப் பழகின பழக்கம்தான்.

“மூணாம் நம்பர் உங்க டிப்போ மேனேஜர் நாற்காலி மாதிரியே கத்துது,” என்றாள் மனைவி.

“ஏழாம் நம்பர் உங்க அண்ணன் சிரிக்கிற மாதிரி இருக்கு.”

“எங்க அண்ணன் சிரிப்பை எதுக்கு இழுக்கறீங்க? பத்தாம் நம்பரைக் கேளுங்க, நீங்க விடற குறட்டை அப்படியே இருக்கு!”

“நான் குறட்டை விடறதில்ல.”

“அண்ணே,” என்றான் மில்லிமீட்டர், “நேத்து மத்தியானம் சாப்பிட்டுட்டு இந்த ஓரத்துல கண்ணசந்தீங்களே, அப்போ நான் ரம்பத்தை நிறுத்திட்டுப் பார்த்தேன், சத்தம் நிக்கல.”

மொத்தம் பதினேழு கிரீச். பதினேழையும் ஒன்றொன்றாக இறுக்கினார்கள். ஸ்க்ரூ இறங்க இறங்க ஒவ்வொரு குரலாக அடங்கியது. பதினேழாவதும் அடங்கியதும் மனைவி அதன்மேல் ஏறிக் குதித்தாள். சத்தமில்லை. டிரைவரும் குதித்தார். ம்ஹூம். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அறை முழுக்கக் குதித்துக் குதித்து வந்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து நூறு வயதுக்கு மேலே, அதை நினைத்தெல்லாம் பார்க்கவில்லை.

“நல்லா குதிங்க,” என்றான் மில்லிமீட்டர். “எனக்கும் டெஸ்ட் பண்ணின மாதிரி இருக்கும்.”

நடு அறை மேட்டை மெஷினால் பத்து நிமிஷத்தில் தள்ளிவிடலாம் என்று அவன் சொன்னான். டிரைவர் ஒத்துக்கொள்ளவில்லை. “இதை நான்தான் இழைப்பேன், கையாலதான் இழைப்பேன்,” என்று இழைப்புளியைக் கேட்டு வாங்கினார். ஒரு லீவு நாளின் பாதி அதிலேயே போனது. சுருள் சுருளாக மரச்சீவல் குவிந்தது. உள்ளங்கையைத் தேய்த்துப் பார்ப்பார், மறுபடி இழைப்பார். இடையில் ஒரு தடவை சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். யாரும் கேட்காமலே சொன்னார்.

அதன் பிறகு மில்லிமீட்டர் ஆள் உயர மட்டக்கோலைக் கிடத்தி, அதன்மேல் ரசமட்டத்தை வைத்து அறையை அங்குலம் அங்குலமாக அளந்தான். பள்ளமான இடங்களில் மாவு குழைத்துப் பூசினான், காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தான். ஈரம் பார்க்கிற மீட்டரை அங்கங்கே குத்தினான். பதினொரு சதவீதம் காட்டியது. புது மரப் பெட்டிகள் இருபத்திரண்டும் கூடத்தில் அடுக்கியிருந்தன. அதில் குத்தினால் ஒன்பது.

“மரம் இப்படியே ஒரு வாரம் வீட்டுக் காத்தோட பழகணும்ணே. தரைக்கும் மரத்துக்கும் மூணுக்கு மேல வித்தியாசம் இருந்தா ரெண்டுக்கும் ஒத்துப் போகாது. இப்ப ஜோரா இருக்கு.” திங்கட்கிழமை சாயந்தரம் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டான். “நாளைக்கு எனக்கு வேற இடத்துல வேலை. நீங்க பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு. சுத்தம். தரையில ஒரு பொட்டுத் தூசி இருக்கக் கூடாது.”

அந்த வார்த்தைதான் வினையாகப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை டிரைவருக்கு லீவு. காலையில் பெருக்கினார். வேக்குவம் மெஷினை வைத்து இழுத்தார். விரலால் தொட்டால் இன்னும் வெள்ளை வெள்ளையாக ஒட்டியது. அவருக்கா பொறுக்கும்? இருபத்தாறு வருஷத்தில் கழுவாத வண்டியை ஒரு நாளும் எடுத்ததில்லை. டிப்போவில் பைப்பைப் பிடித்து டயர் இடுக்கு வரைக்கும் அடித்துக் கழுவுகிற கை. தவிர, வரப்போவது யார்? அக்கா! விரலால் தடவிப் பார்க்காமல் விடுவாளா?

இரண்டு வாளித் தண்ணீரைச் சளார் என்று ஊற்றினார்.

துடைப்பத்தால் கரகரவென்று தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மனைவி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டாள். ஐயோ என்று கத்தியிருக்க வேண்டாமோ? அதுதான் இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். “இப்பதான் வீடு மாதிரி இருக்கு. அந்த மூலையை விட்டுட்டீங்க பாருங்க,” என்று இன்னொரு வாளியைக் கொண்டுவந்து ஊற்றினாள். இரண்டு பேரும் பாட்டுப் பாடிக்கொண்டு, ஒருத்தர் காலில் ஒருத்தர் தண்ணீரை அடித்துக்கொண்டு கழுவினார்கள். பலகை பளிச்சென்று நிறம் மாறியதைப் பார்த்துப் பூரித்துப்போனார்கள்.

ஐந்து மணிக்கு, மறந்து வைத்துவிட்டுப் போன மீட்டரை எடுக்க மில்லிமீட்டர் வந்தான்.

கதவு நிலையில் நின்றான். தரையைப் பார்த்தான். வாளியைப் பார்த்தான். இருவர் முகத்திலும் வழிகிற சந்தோஷத்தைப் பார்த்தான். தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

“அண்ணே… கழுவிட்டீங்களா?”

“பின்னே? நீதானே ஒரு பொட்டுத் தூசி கூடாதுன்ன?”

“மரம்ணே! அது மரம்! தண்ணி குடிச்சா ஊதும், நெளியும், திரும்பக் கத்த ஆரம்பிக்கும்!” ஓடிப்போய் மீட்டரைக் குத்தினான். இருபத்தேழு. “ஞாயித்துக்கிழமைக்குள்ள இது பன்னெண்டுக்கு வரணும். வரலன்னா மேல போடற மரத்தை நான் தொடவே மாட்டேன்.”

டிரைவர் விரல் விட்டு எண்ணினார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்தே நாள். நெளிந்து கிடக்கிற ஈரப்பலகையில் அக்கா டம்ளரோடு நடப்பதையும், கிரீச் கிரீச் என்று பதினேழும் சேர்ந்து கத்துவதையும், அவள் ஒன்றும் சொல்லாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு ஐம்பத்து நான்கு படி ஏறப் போவதையும் கண் முன்னால் பார்த்தார். “நானே கெடுத்துட்டேன்,” என்றார். “ரெண்டாவது தடவையா நானே கெடுத்துட்டேன்.”

மனைவி அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். “மூணாவது வாளி நான் ஊத்தினது. பாதி பழியை இப்படிக் குடுங்க. இப்ப துணியை எடுங்க, துடைப்போம்.”

மூன்று பேரும் துடைத்தார்கள். ஜன்னலோரம் போனபோது மனைவி நின்றாள். “இங்க மட்டும் என்ன, துடைக்கத் துடைக்கத் தண்ணி தேங்குது?”

சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு குட்டை. மில்லிமீட்டர் மட்டக்கோலைக் கொண்டுவந்து வைத்தான். அடியில் சந்து தெரிந்தது. அளந்தான். ஆறு மில்லிமீட்டர் பள்ளம். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

“இந்த இடத்தை நான் எப்படி விட்டேன்?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான்.

“உன் பெட்டி,” என்றார் டிரைவர். “ஒரு வாரமா இங்கதானே உட்கார்ந்திருந்துச்சு.”

ஊரையெல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறவன், தன் கருவிப்பெட்டிக்கு அடியில் அளக்கவில்லை! மில்லிமீட்டருக்கு அசடு வழிந்தது. அக்கா நடந்து வந்து கடைசி அடி வைக்கிற இடம் அது. அங்கே கால் ஆறு மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் விளிம்பு வரை நிறைந்த டம்ளர் என்ன ஆகியிருக்கும்?

“சரிண்ணே,” என்றான். “நீங்க கழுவினது மகா தப்பு. இனிமே இந்த ஜென்மத்துல மரத்தைக் கழுவாதீங்க. ஆனா இந்தப் பள்ளத்தை என் ரசமட்டம் காட்டல, உங்க வாளிதான் காட்டுச்சு.”

அப்புறம் நடந்ததெல்லாம் ஒரே அமர்க்களம். ஈரக்காற்று ஏறிவிடக் கூடாது என்று இருபத்திரண்டு மரப் பெட்டிகளையும் மாடிக்குச் சுமந்தார்கள். வீட்டிலிருந்த இரண்டு மின்விசிறி, டிப்போவிலிருந்து கேட்டு வாங்கிய ஒன்று, மருந்துக்கடை ஓனர் கொடுத்த ஒன்று, நான்கும் முன்னறையில் ஹோவென்று சுழன்றன. ஜன்னல், கதவு எல்லாம் ஆவென்று திறந்து கிடந்தன. டிரைவர் டியூட்டியில் இருக்கும்போதே மனைவி, மில்லிமீட்டர் விட்டுப்போன மீட்டரைக் குத்தி நம்பரைச் செய்தியாக அனுப்புவாள். புதன்கிழமை இருபத்திரண்டு. வியாழன் பதினெட்டு. வெள்ளிக்கிழமை பதினைந்து என்று வந்தபோது டிரைவர் ஸ்டாப்பில் நின்ற பஸ்ஸிலிருந்தே “சபாஷ்!” என்று கூவிவிட்டார். முன் சீட்டுக்காரர் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து வணக்கம் வைத்தார்.

சனிக்கிழமை காலையில் பதின்மூன்று. நெளிந்திருந்த இரண்டு பலகைகளை மில்லிமீட்டர் மாற்றினான். காய்ந்து சுருங்கியதில் மறுபடி முனகிய மூன்றாம் நம்பருக்கும் பத்தாம் நம்பருக்கும் இன்னொரு ஸ்க்ரூ வைத்தான். ஜன்னலோரப் பலகையைக் கழற்றி, கீழே அமுங்கிப்போயிருந்த உத்தரக்கட்டைமேல் ஆறு மில்லிமீட்டர் பட்டையை வைத்துத் திரும்ப இறுக்கினான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீட்டரைக் குத்தினான். பன்னிரண்டு.

நாலு மணிக்கு அக்கா வந்தாள். கைப்பையிலிருந்து டம்ளரை எடுத்தாள்.

“எங்க வீட்டு டம்ளரையும் நம்ப மாட்டியா?” என்றார் டிரைவர்.

“உங்க வீட்டு டம்ளர் குள்ளம். சீக்கிரம் சிந்தாது. இதுல ஊத்து.”

தண்ணீர் என்றதுமே மில்லிமீட்டருக்கு உயிர் போய் உயிர் வந்தது. “அக்கா, மறுபடியும் இந்தத் தரைமேல தண்ணியா? நான் பின்னாடியே துண்டோட வரேன், தப்பா எடுத்துக்காதீங்க.”

அக்கா தரையைப் பார்த்தாள். கழுவியதில் கலைந்துபோன வட்டங்களை மனைவி மறுபடி போட்டு வைத்திருந்தாள், ஒன்றிலிருந்து பதினேழு வரை.

“இது யார் வேலை?”

“நான்தான் அண்ணி. சத்தம் வந்த இடமெல்லாம்.”

“பரவால்லையே. வட்டம் வட்டமாவே இருக்கு,” என்றாள் அக்கா. அவள் வாயிலிருந்து இது பெரிய பாராட்டு.

டம்ளர் நிறைந்தது. அக்கா கதவோரம் வந்து நின்றாள். மனைவி டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் மூடி வைக்க அவரால் முடியவில்லை.

“அக்கா, நில்லு. நீ நடக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நீ விழுந்தியே, அந்த இடத்துல மேடு இருந்தது எனக்கு முன்னாடியே தெரியும். இழைக்க சோம்பேறித்தனப்பட்டு, காகிதத்தை வச்சு கார்ப்பெட்டைப் போட்டு மூடினேன். உன் முட்டி என்னாலதான் போச்சு.”

அக்கா டம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரியும்டா,” என்றாள்.

“தெரியுமா?”

“குப்புற விழுந்தேனே, கை எங்க ஊணுச்சு? கார்ப்பெட்டுக்கு அடியில காகிதம் மொறமொறன்னுச்சு. முப்பது வருஷம் துணியைத் தடவின கைடா இது. தெரியாம போயிடுமா?”

“அப்புறம் ஏன்க்கா ஒரு வார்த்தை கேட்கல?”

“நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். ரெண்டு வருஷம் ஆக்கிட்ட,” என்றாள். “சரி, வழி விடு. கை வலிக்குது.”

நடந்தாள். முதல் அடி, இரண்டாவது அடி. ஒவ்வொரு வட்டமாகத் தேடித் தேடி மிதித்தாள். மூன்று, ஏழு, பத்து. தரை வாயைத் திறக்கவில்லை. நடு அறைக்கு வந்ததும் செருப்பில்லாத பாதத்தை அந்தப் பழைய மேட்டின்மேல் முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் தேய்த்தாள். பிறகு தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டிப் போனாள். மில்லிமீட்டர் துண்டோடு பின்னாலேயே போனான். இன்னும் மூன்று அடி. இரண்டு. கடைசி அடி, ஆறு மில்லிமீட்டர் பள்ளம் இருந்த அதே இடம்.

கிரீச்.

எல்லோரும் கல்லாகிவிட்டார்கள். டம்ளரில் தண்ணீர் விளிம்பில் நடுங்கி, சிந்தாமல் நின்றது. மில்லிமீட்டர் தொப்பென்று தரையில் விழுந்து காதை வைத்தான். “வாய்ப்பே இல்ல. நேத்துதான் நாலு ஸ்க்ரூ போட்டேன். வாய்ப்பே இல்லக்கா!”

அக்கா திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றாள். ‘கேட்டுச்சில்ல?’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் மறுத்துப் பேச முடியாது. தன் வீடு, தன் சாவி, யார் தயவும் வேண்டாத தன் ஐம்பத்து நான்கு படி எல்லாம் அவளுக்கே மிச்சம். டிரைவருக்கு அது நன்றாகவே தெரிந்தது.

அக்கா டம்ளரை உயர்த்தி மடக் மடக்கென்று ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தாள். காலி டம்ளரைத் தம்பி கையில் கொடுத்தாள்.

“அந்த சாக்பீஸை எடும்மா,” என்றாள் தம்பி மனைவியிடம்.

மனைவி தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். மில்லிமீட்டர் கண்ணை மூடிக்கொண்டான். அக்கா ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தரையைத் தொடவில்லை. தன் புடவையில், சரியாக முட்டி இருக்கிற இடத்தில், சட்டென்று ஒரு வட்டம் போட்டாள். பக்கத்தில் பதினெட்டு என்று எழுதினாள்.

“தரை மேல குறை இல்ல. கத்தினது இது,” என்றாள். நிமிரும்போது முட்டி இன்னொரு தடவை கிரீச்சிட்டது, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி. “இதுக்கு ஸ்க்ரூ போட முடியாது. இப்படியே வச்சுக்கறதா இருந்தா வரேன்.”

டிரைவர் சிரித்தாரா அழுதாரா என்று அவருக்கே தெரியாது. டம்ளரும் கையுமாக ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டார். மனைவி மறுபக்கம் கட்டிக்கொண்டாள். “விடுங்கடா, மூச்சு முட்டுது,” என்று அக்கா கத்தினாள், ஆனால் விலகவில்லை. மில்லிமீட்டர் தரையில் உட்கார்ந்தபடியே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“அக்கா, மேல மரம் போட்டு முடிக்க இன்னும் நாலு நாள் ஆகும்,” என்றான்.

“ஆகட்டும் தம்பி. ஒரு நாற்காலியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு பலகையா நான் பார்க்கறேன்.”

“ஒவ்வொரு பலகையாவா?” என்றான் மில்லிமீட்டர். அவன் குரல் இறங்கிப்போனது.

மனைவி காபி போட்டுக் கொண்டுவந்தாள். வெறும் பலகைமேல் நான்கு பேரும் கால் நீட்டி உட்கார்ந்து குடித்தார்கள். பத்தாம் நம்பர் யாருடைய குறட்டை என்று மனைவி அக்காவுக்கு விளக்கமாகச் சொன்னாள். பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரிந்தது, மில்லிமீட்டர் விடைபெற்றுக்கொண்டு போனான். இருட்டிய பிறகும் அக்கா கிளம்பவில்லை.